தை மாதக் கல்யாணமும் கார்த்திகை மாத மருந்தும்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்தில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் வீட்டின் நடைமுறையே மாறிவிடும். குடம் தூக்கக் கூடாது, பப்பாளி தொடக் கூடாது, கிரகணம் என்றால் கதவைச் சாத்தி உள்ளே இருக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் வந்து பதிவு செய்வார், பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வரும், ரத்தம் பார்ப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்தக் கவனிப்பு முழுவதும் நாள் தள்ளிப்போன பிறகுதான் தொடங்குகிறது. அதுவும் பெண்ணின் உடம்போடு நின்றுவிடுகிறது. இன்று நான் பேச வந்தது கருத்தரிப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தில் உடம்பில் ஏறும் நஞ்சுகளைப் பற்றி. அதில் பாதிப் பேச்சு ஆண்களுக்கு. அதனால் அண்ணாச்சிமார் யாரும் "இது பொம்பளைங்க நிகழ்ச்சி" என்று எழுந்து போய்விட வேண்டாம்.

மூன்று மாதம் என்று ஏன் சொல்கிறேன்? ஆணின் விதைப்பையில் ஒரு விந்தணு உருவாகி முடிக்க ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. அது வெளியே வரத் தயாராக, விதையை ஒட்டியிருக்கும் சுருள் குழாயில் மேலும் 10 முதல் 14 நாள் தங்கி முதிர்கிறது. மொத்தம் கிட்டத்தட்ட 90 நாள். அம்பை 16 நெல்லைவிடச் சற்றுக் குறுகிய காலப் பயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 90 நாளில் எந்தக் கட்டத்தில் நஞ்சு பட்டாலும் அடி விழும். எண்ணிக்கை குறையலாம், நீந்தும் வேகம் குறையலாம், உள்ளே இருக்கும் மரபுப்பொருளின் இழை அறுபடலாம். எண்ணிக்கை குறைந்தால் பிள்ளை தங்கத் தாமதமாகும். இழை அறுபட்ட விந்தணு கருவைத் தங்க வைத்தாலும், சில வாரங்களில் அது கலைந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது.

பெண்ணின் கருமுட்டைக் கதை வேறு. அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் எல்லாம் உருவாகிவிடுகின்றன. பிறகு புதிதாக உண்டாவதில்லை. ஆனால் அந்தந்த மாதம் வெளிவரப்போகும் முட்டை, கடைசி முதிர்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் காலமும் ஏறத்தாழ மூன்று மாதம்தான். ஆக இரண்டு பேருக்கும் ஒரே கெடு.

இதை நம் ஊர்ப் பஞ்சாங்கத்தில் வைத்துப் பாருங்கள். தை பிறந்தால் கல்யாணம். தைக் கடைசியில் முகூர்த்தம் என்றால், அந்த மாப்பிள்ளையின் விந்தணு உருவாகத் தொடங்கிய காலம் ஐப்பசிக் கடைசி. தாமிரபரணிப் பாசனத்தில் அதுதான் பிசான நடவுக் காலம். கார்த்திகையிலும் மார்கழியிலும் இலைச்சுருட்டுக்கும் தண்டுத்துளைப்பானுக்கும் புகையானுக்கும் பூச்சிமருந்து அடிக்கிறோம். அதாவது, வயலில் மருந்து அதிகமாகப் புழங்கும் இரண்டு மாதமும் மாப்பிள்ளையின் 90 நாளுக்குள் அப்படியே அடங்கிவிடுகின்றன. ஆவணி முகூர்த்தம் என்றாலும் தப்பிக்க வழியில்லை. அதற்கு முந்தைய மூன்று மாதம் கார் நெல்லுக்கு மருந்து அடிக்கும் பருவம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள், மாப்பிள்ளை எந்த மாதம் தெளிப்பான் தூக்கினார் என்று கேட்பதில்லை. கேட்டால் நல்லது என்பது என் கட்சி.

ஆண் வழியாக இவ்வளவு நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, வாழை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி உண்டு. டி.பி.சி.பி. என்று ஒரு நூற்புழுக்கொல்லி இருந்தது. வாழைக்கும் அன்னாசிக்கும் மண்ணில் செலுத்துவார்கள். 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லேத்ராப் என்ற ஊரில் அதைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள், தங்களில் யாருக்கும் கொஞ்ச காலமாகப் பிள்ளை பிறக்கவில்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். விந்துப் பரிசோதனை செய்து பார்த்தபோது பலருக்கு அணுக்கள் மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுகூட இல்லை. அவர்களுக்குத் தலைவலி, வாந்தி போல எந்த முன்னறிகுறியும் இல்லை. வேலைக்கு ஒழுங்காகப் போய்வந்தார்கள். மத்திய அமெரிக்க நாடுகளின் வாழைத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் இதே கதி ஏற்பட்டது. மருந்தை விட்ட பிறகு குறைவாகப் பட்டவர்கள் பலர் தேறினார்கள். நீண்ட காலம் பட்டவர்களில் சிலருக்கு அணு உற்பத்தி திரும்பவே இல்லை. அந்த மருந்து இன்று நம் கடைகளில் கிடையாது. உடம்புக்கு ஒன்றும் தெரியாமலே விதைப்பை மட்டும் பாதிக்கப்படலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது தெளிப்பு வேலைக்கு வருவோம்.

முதல் ஆபத்து வயலுக்குள் இல்லை, வரப்பில் உட்கார்ந்து கலக்கும்போதே இருக்கிறது. லிட்டருக்கு 2 மில்லி என்று பரிந்துரை இருந்தால், பாட்டிலில் இருக்கும் திரவம் டேங்கில் இருப்பதைவிட 500 மடங்கு கெட்டி. பாட்டிலைச் சாய்க்கும்போது விரலில் ஒரு சொட்டு வழிந்தால், தெளிக்கிற கரைசல் 500 சொட்டு மேலே விழுந்ததற்குச் சமம். அந்த விரலோடுதான் பலர் பீடி பற்ற வைக்கிறார்கள், வெற்றிலை மடிக்கிறார்கள். மூடியிலேயே அளப்பதும், கையை விட்டுக் கலக்குவதும் கூடவே கூடாது. அளவுக் குவளை ஒன்று, நீளமான குச்சி ஒன்று, நைட்ரைல் ரப்பர் கையுறை ஒரு ஜோடி. கையுறை நைட்ரைலாக இருக்க வேண்டும். துணிக் கையுறையும் தோல் கையுறையும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கழற்றும்வரை கைக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். அது வெறுங்கையைவிட மோசம்.

இரண்டாவது, முதுகு. மூச்சு வழியாகத்தான் மருந்து உடம்பில் ஏறும் என்று நினைத்து வாயில் துண்டைக் கட்டிக்கொள்கிறோம். திறந்த வயலில் தெளிக்கும்போது பெரும்பகுதி ஏறுவது தோல் வழியாக. டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளும்பி முதுகில் வழியும். முதுகிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து உள்ளாடைக்கு. உடம்பில் எல்லா இடத்துத் தோலும் ஒன்றுபோல இல்லை. பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை வைத்துச் செய்து 1971இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், முன்கைத் தோல் உறிஞ்சியதைப்போல் சுமார் 12 மடங்கை விதைப்பைத் தோல் உறிஞ்சியது. நனைந்த உள்ளாடையோடு மத்தியானம் வரை நிற்பது என்றால் என்ன அர்த்தம் என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வேலைக்கு முதல் நாள் டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகிக் கவிழ்த்துப் பாருங்கள். சொட்டினால் வாஷரை மாற்றுங்கள். அதற்கு ஆகும் காசு ஒரு டீக் காசுதான். குழாய் இணைப்பிலும் கைப்பிடி வால்விலும் கசிவு பாருங்கள். டேங்கைக் கழுத்துவரை நிரப்பாமல் நான்கு விரல் குறைத்து நிரப்புங்கள். முதுகுக்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளை, தோளில் இருந்து முழங்கால்வரை தொங்குகிற மாதிரி கட்டிக்கொள்ளுங்கள். உர மூட்டையின் உள்பையைப் பிரித்தால் போதும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மருந்து அடிப்பதை இந்த மூன்று மாதமாவது விட்டுவிடுங்கள். முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடுகிற ரப்பர் பூட்ஸ். கால்சட்டை பூட்சுக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே சொருகினால் வழிகிறதெல்லாம் பூட்சுக்குள் தேங்கும்.

காற்று பக்கவாட்டில் வீசும்படி நடந்து, அடித்து முடித்த பாத்திக்குள் மறுபடி நுழையாதபடி வரிசை போடுங்கள். நாசில் அடைத்தால் வாயை வைத்து ஊதுவது நம் ஊர் வழக்கம்; பழைய பல் பிரஷ் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் அது தேவைப்படாது. வாயில் கட்டிய துண்டு நனைந்ததும் அதுவே மருந்துப் பொட்டலம் ஆகிவிடுகிறது. துணி முகக்கவசமும் தூசிக்கான முகக்கவசமும் மருந்தின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரித்தூள் குப்பி வைத்த முகக்கவசம் வேண்டும். சிலர் தோல் எரியாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்குகிறார்கள். பல பூச்சிமருந்துகள் எண்ணெயில் கரைகிறவை. எண்ணெய்ப் பூச்சு அவற்றுக்கு வரவேற்புக் கொடுக்கும்.

மருந்து அடித்த அன்று சாயங்காலம் தலைவலி, குமட்டல், வாயில் எச்சில் ஊறுவது, கண் மங்குவது வந்தால், "வெயில் கிறுகிறுப்பு" என்று மோர் குடித்துப் படுத்துவிடுகிறோம். அது பெரும்பாலும் வெயில் இல்லை. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து நரம்பில் வேலை செய்யும் ஒரு நொதியை முடக்குவதன் அறிகுறி. பாட்டிலின் லேபிளோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

வேலை முடிந்ததும் வீட்டுக்குள் நுழைவதற்கு முன், மோட்டார் தொட்டியிலோ கொல்லையிலோ சோப்புப் போட்டுத் தலையோடு குளித்துவிடுங்கள். தெளிப்பானை வாய்க்காலில் அலசாதீர்கள். கீழே இன்னொருவர் அதே தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருப்பார். காலிப் பாட்டிலில் கால்பாகம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதை டேங்கிலேயே ஊற்றுங்கள். மூன்று முறை செய்துவிட்டு அடியில் துளை போட்டுவிட்டால் யாரும் மண்ணெண்ணெய் வாங்க அதைக் கொண்டுபோக முடியாது.

அடுத்து துணி. இது பல வீடுகளில் மனைவி தலையில் விழுகிறது. நேற்று மருந்தில் நனைந்த சட்டையை இன்று வெறுங்கையால் கசக்குகிற பெண், வயலுக்குப் போகாமலே மருந்து வாங்கிக்கொள்கிறாள். பிள்ளை எதிர்பார்க்கும் வீட்டில் அந்தத் துணியைத் தெளித்தவரே துவைக்க வேண்டும். கையுறை போட்டு, தனி வாளியில், முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புத்தூளில் ஊற வைத்து, நல்ல வெயிலில் காயப் போடுங்கள். அலசின தண்ணீர் கிணற்றடிக்குப் போகக் கூடாது. வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறப்போடவும் கூடாது. மெஷினில் போட்டால் அடுத்து ஒரு முறை காலியாக ஓட விடுங்கள்.

பூச்சிமருந்துக் கடையில் பாட்டிலின் மேல் இருக்கும் நிற முக்கோணத்தைப் பார்த்து வாங்கச் சொல்லித் தந்திருக்கிறோம். சிவப்பு என்றால் கடும் நஞ்சு, மஞ்சள் அடுத்தது, நீலம், பச்சை என்று வரிசை. அதை வைத்துப் பச்சையை "ஒன்றும் செய்யாத மருந்து" என்று நினைக்கிறார்கள். இந்த இடத்தில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். அந்த நிறம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: ஒரேயடியாக உள்ளே போனால் எவ்வளவில் உயிர் போகும்? எலிகளில் பாதி சாக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் போதும் என்றால் சிவப்பு, 5000 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும் என்றால் பச்சை. விந்தணுவை என்ன செய்யும், கருவை என்ன செய்யும் என்பது அந்த முக்கோணத்தில் இல்லை.

உதாரணத்துக்கு கார்பன்டாசிம். நெல் விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 2 கிராம் என்று நாம் கையால் பிசைகிற அதே பூஞ்சாணக்கொல்லி. சாப்பிட்டுச் சாகிற மருந்து இல்லை; சிவப்பு, மஞ்சள் முக்கோணம் அதற்குக் கிடையாது. ஆனால் சோதனை எலிகளில் அது விதைப்பையின் நுண்குழாய்களைக் கெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதை மரபுப்பொருளைச் சேதப்படுத்தக்கூடியது, கருவுறும் திறனையும் வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கக்கூடியது என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. எலிக்குக் கொடுத்த அளவும் நம் கையில் படுகிற அளவும் ஒன்றல்ல, உண்மை. ஆனால் மாற்று இருக்கும்போது வெறுங்கையால் ஏன் பிசைய வேண்டும்? வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கும் சூடோமோனாஸ் என்ற நன்மை தரும் பாக்டீரியாத் தூள், கிலோ விதைக்கு 10 கிராம் போட்டால் போதும். கார்பன்டாசிம்தான் வேண்டும் என்றால், விதையையும் மருந்தையும் மூடியுள்ள டிரம்மில் போட்டு உருட்டுங்கள். தூள் பறக்காமல் வேலை முடியும்.

நடவுக்கும் களைக்கும் போகிற பெண்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. குருணை மருந்தை மணலோடு கலந்து கையால் வீசிவிட்டு, மறுநாளே களை எடுக்க இறக்கிவிடுகிற வழக்கம் உண்டு. முழங்கால் ஆழச் சேற்றில், சேலையைச் செருகிக்கொண்டு நாலு மணி நேரம் நிற்கிறார்கள். லேபிளில் எத்தனை நாள் கழித்து வயலில் இறங்கலாம் என்று போட்டிருக்கும். போடவில்லை என்றால் குறைந்தது இரண்டு நாள் விடுங்கள். கூலிக்கு ஆள் கூப்பிடுகிற வயல்காரர்தான் இதைச் சொல்ல வேண்டும், வருகிற பெண்ணால் கேட்க முடியாது.

வயலை விட்டுத் திண்ணைக்கு வருவோம். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் மடியில் தட்டோடு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கிறோம். கல்யாணத்துக்கு முன் ஆரம்பித்து, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் சுற்றி, பேறுகாலம் முடிந்து தொட்டில் பக்கத்திலேயே சுற்றுகிறார்கள். பீடி குடிக்காவிட்டாலும் நிகோட்டின் உடம்பில் ஏறும். தூள் மூச்சில் போகிறது, கையிலும் ஏறுகிறது. நிகோட்டின் தண்ணீரில் கரையும். இலையை நனைத்து வைத்து ஈரக்கையோடு தூளைத் தொடும்போது, காய்ந்த கையைவிட அதிகமாக ஏறுகிறது. நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவது. நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போவது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறப்பதற்கும் மாதம் நிறையாமல் பிறப்பதற்கும் புகையிலை ஒரு தெரிந்த காரணம். எடை குறைந்த பிள்ளைக்கு உடம்புச் சூடு நிற்காது, சர்க்கரை இறங்கும், தொற்று சீக்கிரம் பிடிக்கும். முதல் வாரத்தின் தொல்லைகள் பலவும் இதிலிருந்துதான்.

சுற்றுவதை நிறுத்துங்கள் என்று வானொலியில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். வார இறுதியில் கம்பெனிக்குக் கட்டு போகவில்லை என்றால் அடுப்பு எரியாத வீடு அது. ஆகவே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். தூளை மூடியுள்ள டப்பாவில் வைத்து, ஒரு நேரத்துக்குத் தேவையானதை மட்டும் தட்டில் எடுங்கள். சுற்றுவது வீட்டுக்குள் அல்ல, காற்றோட்டமான திண்ணையில். காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் தூள் முகத்துக்கு வராது. இலையின் ஈரத்தை ஒரு துணியில் ஒற்றிவிட்டுச் சுற்றுங்கள். மடிக்கு என்று ஒரு துண்டு தனியாக வைத்து, அதை வெளியே உதறிவிட்டு உள்ளே வாருங்கள். தூளைச் சுளகில் புடைக்கிற வேலையைப் பிள்ளை எதிர்பார்க்கும் பெண்ணுக்குக் கொடுக்காதீர்கள். அதுதான் தூசி அதிகமான வேலை. சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். முடிந்தால், கருத்தரிக்கத் திட்டமிடும் மாதங்களில் அந்தப் பெண்ணுக்கு இலை வெட்டுவது, கட்டுப் போடுவது என்று வேலையை வீட்டில் இருப்பவர்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளுங்கள். மாமியாரும் மயினியும் மனசு வைத்தால் நடக்கும்.

இதே கணக்கில் கணவர் குடிக்கிற பீடியும் சிகரெட்டும் வருகின்றன. புகை விந்தணுவின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. பெற்றோரின் புகைப்பழக்கத்தால் பிள்ளைக்குக் கல்லீரலில் ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் வருவதற்குப் போதிய ஆதாரம் உண்டு என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமே தீர்மானித்திருக்கிறது. அது அபூர்வமான நோய், பயப்படுத்தச் சொல்லவில்லை. "நான் வெளியேதானே குடிக்கிறேன்" என்பது கருத்தரிப்புக்கு முந்தைய மூன்று மாதத்துக்குச் செல்லாத வாதம் என்பதற்காகச் சொன்னேன். படுக்கை அறையில் மூட்டும் கொசுவர்த்திச் சுருளையும் இதோடு சேருங்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். கொசுவலை வாங்கிக்கொள்ளுங்கள்.

காரீயம் என்கிற லெட் தனி ரகம். மற்றவை பெரும்பாலும் சில நாளிலோ மாதத்திலோ உடம்பை விட்டு வெளியேறும். காரீயம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எலும்பில் போய் உட்கார்ந்தால் பத்து, இருபது, முப்பது வருஷம். கர்ப்பத்தில் பிள்ளையின் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று தாயின் எலும்பு கரையும்போது, பழைய காரீயமும் கூடவே வெளியேறி நஞ்சுக்கொடி வழியே போகிறது. இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000இல். அதற்கு முன் மெயின் ரோட்டோரம் வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு அந்தச் சேமிப்பு கொஞ்சம் இருக்கவே செய்யும். அதைக் கரைத்து வெளியேற்ற வீட்டு வைத்தியம் கிடையாது. சுண்ணாம்புச் சத்தைக் குறைவில்லாமல் வைத்திருந்தால் எலும்பு கரைவது குறையும். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே வாயில் போட்டு விழுங்காதீர்கள்; ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

புதிதாக ஏறுவதை நிறுத்துவது நம் கையில். பழைய பேட்டரி உடைக்கிறவர்கள், ரேடியேட்டர் பற்ற வைக்கிறவர்கள், லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் வேலைச் சட்டையை ஒர்க்‌ஷாப்பிலேயே கழற்றிவிட்டு வர வேண்டும். வீட்டுப் பெயின்டில் காரீயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே புதுப்பெண் வருகிறாள் என்று பழைய ஜன்னல் கம்பியையும் கதவையும் உப்புத்தாளால் சுரண்டும்போது, தண்ணீர் தொட்டுச் சுரண்டச் சொல்லுங்கள். அந்த வாரம் பெண்ணும் பிள்ளைகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். ரசத்துக்கு ஈயச்சொம்பு வாங்கினால் அது சுத்தமான வெள்ளீயமாக இருக்க வேண்டும். மலிவுச் சொம்பில் காரீயம் கலப்பார்கள், புளி அதைக் கரைத்து ரசத்தில் சேர்க்கும். மஞ்சளும் அப்படித்தான். நிறம் எடுப்பாக இருக்க லெட் குரோமேட் சேர்த்த மஞ்சள் பிடிபட்டிருக்கிறது. விரலி மஞ்சள் வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது.

பிள்ளை வரம் தரும் லேகியம், செந்தூரம் என்று பெயர் தெரியாதவரிடம் வாங்கிச் சாப்பிடுகிற தம்பதிகளுக்கு: 2011லும் 2012லும் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் ஏறியிருந்ததை ஆராய்ந்தபோது, இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகள்தான் காரணம் என்று தெரிந்தது. சித்த மருத்துவம் வேண்டுமா, பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவரிடம், கருத்தரிக்கத் திட்டமிடுகிறோம் என்று சொல்லி வாங்குங்கள்.

ஆங்கில மருந்திலும் கவனம் வேண்டும். வலிப்புக்குச் சாப்பிடும் வால்புரோயேட், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், மூட்டுவலிக்கான மெத்தோட்ரெக்சேட் மூன்றும் கருவைப் பாதிப்பவை. தானாக நிறுத்தவும் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. திட்டமிடுவதற்கு முன்பே போய் மாற்று மருந்து கேளுங்கள். ஜிம்மில் உடம்பு ஏற்ற ஊசி போட்டுக்கொள்ளும் தம்பிகளுக்கு: வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் விதைப்பை தன் வேலையை நிறுத்திவிடும். விட்ட பிறகு அணு திரும்ப மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும்.

ஃபோலிக் அமிலத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும்; எப்போது என்பதில்தான் தவறு நடக்கிறது. பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழல், கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அன்றைக்கு, மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். 45 நாள் ஆகட்டும், பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது குழல் மூடியிருக்கும், அல்லது மூடாமல் விட்டிருக்கும். பிறகு போடும் மாத்திரை மற்றதற்கு நல்லது, இதற்குப் பயனில்லை. ஆகவே முயற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, முடிந்தால் இரண்டு மாதம் முன்பிருந்து, தினம் 400 மைக்ரோகிராம். நம் மருந்துக் கடைகளில் சும்மா கேட்டால் 5 மில்லிகிராம் மாத்திரையைத் தருவார்கள். அது 12 மடங்குக்கு மேல். முந்தைய பிள்ளைக்குத் தண்டுவடக் குறை இருந்தவர்களுக்கும் சில மருந்து சாப்பிடுபவர்களுக்கும்தான் அந்த அளவு. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கல்யாணமாகி ஒரு வருஷம் போனால், "ஏம்ட்டி, இன்னும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்வி பெண்ணை நோக்கித்தான் வரும். பரிசோதனையும் அவளிலிருந்தே ஆரம்பிக்கும். ஆணுக்கான விந்துப் பரிசோதனை வலி இல்லாதது, செலவும் குறைவு. அதை முதலில் செய்யுங்கள். இரண்டிலிருந்து ஏழு நாள் உறவில்லாமல் இருந்து கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டோடு ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஒரு மில்லியில் 160 லட்சத்துக்கு மேல் இருந்தால் எண்ணிக்கை போதுமான வரம்பில் இருப்பதாக உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கையேடு சொல்கிறது. குறைந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். ஒரு காய்ச்சலே அதைக் குறைத்துவிடும். பூச்சிமருந்து, புகை, உடம்பு ஏற்றும் ஊசி எல்லாவற்றையும் விட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் பழைய அணுக்களையே எண்ணிக்கொண்டிருப்போம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, கடந்த மூன்று மாதத்தில் இருவரும் கையாண்ட மருந்து பாட்டில், பெயின்ட் டப்பா, மாத்திரை அட்டை எல்லாவற்றின் லேபிளையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர்தான் முக்கியம்; "பச்சைக் கலர் பாட்டில்" என்றால் அவருக்கு விளங்காது.

இன்னும் ஒன்றே ஒன்று, பேறுகாலத்துக்கு டிரங்குப் பெட்டியைத் திறக்கப் போகும் ஆச்சிமாருக்கு. பிள்ளையைச் சுற்ற எடுத்து வைத்த பழைய வேட்டித் துணியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருப்பீர்கள். அந்த உருண்டையில் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு அது மூச்சிலும் தோலிலும் ஏறினால் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள்காமாலை மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம். அந்தக் குறை எந்தப் பிள்ளைக்கு இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. உருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்த துணியைத் துவைத்து, இரண்டு நாள் வெயிலில் போட்டாலும் வாசம் முழுக்கப் போகாது. அந்தத் துணியை ஒதுக்கிவிட்டு வேறு துணி எடுங்கள். பூச்சி வராமல் இருக்கப் பெட்டியில் காய்ந்த வேப்பிலை போட்டால் போதும்.

வணக்கம்.